வாக்களிக்காமல் வெளியே போனவர்

கொரோனாக் காலத்தில் ரொறன்ரோ மாநகரசபைக் கூட்டங்கள் கணினித் திரைக்கு மாறியிருந்தன. நான் அப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். பழைய பழக்கத்தில் ஒருநாள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் உறுப்பினர் தன் சமையலறையில் இருந்தபடி, “இந்த விடயத்தில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது” என்று வாசித்துவிட்டுக் கமராவை நிறுத்தினார். அவருடைய சதுரம் கறுத்தது. வாக்கெடுப்பு முடிந்ததும் சதுரம் மறுபடி வெளித்தது. அவர் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது.

சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதே வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு மனிதர் எழுந்து, கதிரையை உள்ளே தள்ளி, சபை முழுவதும் பார்த்திருக்க வெளியே நடந்துபோவதைத் தொண்ணூறுகளில் பலமுறை பார்த்தவன் நான். அப்படி அவர் வெளியே போன ஒரு மாலை, எங்கள் சனத்துக்கு மிகவும் தேவைப்பட்ட ஒன்று தோற்றது. அதன் தொடர்ச்சியாக என் வேலையும் போனது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

அவர் பெயர் கெரிட். ஒல்லாந்துக்காரர். குடும்பப் பெயர் எங்கள் ஆட்கள் எவருடைய வாயிலும் நுழையவில்லை. அதனால் எல்லோருக்கும் கெரிட்தான். இளம் வயதில் பெற்றோருடன் கப்பலில் வந்து, தச்சுவேலை செய்து, பிறகு ஸ்காபரோவில் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு தெருவில் ஜன்னலும் கதவும் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். பல வருடங்களின் பின் அந்த வட்டாரத்தின் நகரசபை உறுப்பினராகவும் தெரிவானார். இன்று ரொறன்ரோவுக்குள் இருக்கும் ஸ்காபரோ அப்போது தனி நகரம். அதற்கென்று ஒரு மேயரும் ஒரு சபையும் இருந்தன. உறுப்பினர் ஒருவர் சொந்தத் தொழிலும் நடத்துவதை யாரும் புதுமையாகப் பார்க்கவில்லை.

நான் முதலில் வேலைக்குப் போனது அவருடைய தொழிற்சாலைக்கு. யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன், இங்கே ஜன்னல் சட்டங்களுக்கு ரப்பர் நாடா செருகினேன். ஒரு மதிய இடைவேளையில் கெரிட் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். (அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.)

“உங்கள் ஆட்கள் என் நகரசபை அலுவலகத்துக்கு வருகிறார்கள். சிரிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். என்ன கேட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. நீங்கள் ஊரில் என்ன வேலை செய்தீர்கள்?”

காணிக் கந்தோர் என்றேன். எங்கள் ஊரில் காணிப் பதிவைத் தொடங்கியவர்கள் அவருடைய நாட்டவர்கள்தான் என்றும், அவர்கள் கட்டிய கோட்டை ஒன்றும் அங்கே இருக்கிறது என்றும் சொன்னேன்.

“கோட்டைக்கு எத்தனை ஜன்னல்?”

“ஜன்னல் மிகக் குறைவு.”

“அப்படியென்றால் எனக்கும் அதற்கும் தொடர்பில்லை” என்றார். சிரிக்கவில்லை.

நகரசபையில் தன் உதவியாளர் வேலைக்கு என்னை விண்ணப்பிக்கச் சொன்னார். ஆனால் நேர்முகத் தேர்வை நகரசபை அதிகாரிகள் இருவர் நடத்தினார்கள்; அவர் அந்த அறைக்குள் வரவேயில்லை. வேலை கிடைத்த அன்று என்னைக் கூப்பிட்டு, “இன்றிலிருந்து தொழிற்சாலைக்குள் கால் வைக்கக் கூடாது. அங்கே எனக்குச் சம்பளம் தருபவர்கள் வாடிக்கையாளர்கள். இங்கே தருபவர்கள் வரி கட்டுபவர்கள். இரண்டையும் கலந்தால் நான் யாருடைய ஆள் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்” என்றார்.

இந்தப் பிரிவினையை அவர் நாள் முழுவதும் கடைப்பிடித்தார். காலையில் சபை அலுவலகம். மதியம் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டுத் தொழிற்சாலை. மாலையில் மறுபடி கழுத்துப்பட்டி. சபைத் தொலைபேசியில் யாராவது ஜன்னல் விலை கேட்டால், தொழிற்சாலை இலக்கத்தைக்கூடச் சொல்லாமல், “தொலைபேசிப் புத்தகத்தைப் பாருங்கள்” என்று வைத்துவிடுவார். நத்தார்ப் பண்டிகைக்கு யாராவது இனிப்புப் பெட்டி கொண்டுவந்தால், அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும், கொண்டுவந்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிக் கொடுப்பார். அதன் பிறகு அந்த மனிதர் இனிப்போடு வரமாட்டார்.

எங்கள் ஆட்களுக்கு அவரிடம் பிடிக்காத ஒன்று, ‘முடியாது’ என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவது. நாங்கள் அந்தச் சொல்லுக்குப் போவதற்கு ஒரு சுற்றுப் பாதை வைத்திருக்கிறோம்: பார்ப்பம், யோசிப்பம், அடுத்த கிழமை கதைப்பம். ஒருமுறை அவர் சொன்ன ‘முடியாது’வை நான் ‘பார்ப்பம்’ என்று மொழிபெயர்த்தேன். வந்தவர் சந்தோஷமாக எழுந்து போனார்.

“நான் இல்லை என்றேன். அவர் ஏன் சிரித்துக்கொண்டு போகிறார்?” என்றார் கெரிட். “ஓடிப்போய்க் கூட்டிவாருங்கள்.”

லிஃப்ட் வாசலில் இருந்து அந்த மனிதரைத் திருப்பிக் கூட்டிவந்து, கதிரையில் இருத்தி, முடியாது என்று சொல்லி அனுப்பினோம்.

ஆனால் எந்த முறைப்பாட்டையும் அவர் தாளில் வாசித்து முடிவெடுத்ததில்லை. நேரே போய் நின்று பார்ப்பார். கொத்துரொட்டிக் கடைச் சங்கதி ஒன்று நினைவில் இருக்கிறது. கடைக்குப் பின்புற வீட்டில் இருந்த ஓர் இத்தாலியப் பெண்மணி, தகட்டில் கொத்தும் சத்தம் தாங்க முடியவில்லை, கடையை மூடவேண்டும் என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை பின்னேரம், கடையில் சனம் நெரியும் நேரமாகப் பார்த்து, கெரிட் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறையின் நடுவில் கண்ணை மூடி நின்றார். டக்கடக்கடக்கென்று கொத்து நடந்துகொண்டிருந்தது. நான் பசியோடு நின்றேன்.

பிறகு கடைக்குப் போனோம். கொத்தும் தகடு பின்சுவரோடு ஒட்டியிருந்தது. அதை உள்சுவர்ப் பக்கம் மாற்றச் சொன்னார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

“அண்ணை, உவருக்கு விளங்குமோ? கொத்திற சத்தம் கேட்டுத்தான் எனக்குச் சனம் உள்ளுக்கை வருது.”

அதை மொழிபெயர்த்தேன். “அப்படியென்றால் சனம் வருகிற பக்கம் வையுங்கள். பின்வீட்டுக்காரி வாங்க வரப்போவதில்லை” என்றார் கெரிட். கடைக்காரர் யோசித்தார். தகட்டை முன்கண்ணாடிப் பக்கம் மாற்றினார். வியாபாரம் கூடியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண்மணியின் அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால் மிச்சச் சத்தமும் நின்றுவிடும் என்றும் கெரிட் சொன்னார். “உங்களிடமே வாங்குகிறேன்” என்றார் பெண்மணி. “என்னிடம் வாங்க முடியாது” என்று சொல்லி, தன் தொழிலில் தனக்கு நேரெதிர்ப் போட்டியாளரின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். காரில் ஏறிய பின், “அவனுடைய ஜன்னல் அவ்வளவு நல்லதில்லை” என்று மட்டும் சொன்னார்.

இனி அந்தப் பெரிய வழக்குக்கு வருகிறேன்.

கெரிட்டின் தொழிற்சாலையில் என்னோடு வேலைசெய்த சிவபாதம் அண்ணை மாரடைப்பில் இறந்துபோனார். அந்த நாட்களில் எங்கள் சாவீடுகள் வெள்ளைக்காரர் நடத்தும் இறுதிச்சடங்கு மண்டபங்களில்தான் நடந்தன. கம்பளம் விரித்த, தணிந்த கூரையுள்ள அறைகள். புகை கூடாது என்பது விதி. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவேண்டிய இடத்தில் கொளுத்தாத மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு ஐயர் ஒரேயொரு கட்டி கற்பூரம் கொளுத்தினார். மேலே எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. கட்டடத்தில் இருந்த எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவபாதம் அண்ணையின் மூத்த மகன், முப்பது வயதுக்காரன், ஈர வேட்டியோடும் வெறும் மேலோடும் கார்த் தரிப்பிடத்தில் நின்றான். தகப்பனின் உடல் மட்டும் உள்ளே தனியே கிடந்தது. தீயணைப்பு வண்டி வந்து போகும்வரை நாங்கள் வெளியே நின்றோம்.

முதலாளி என்ற முறையில் கெரிட்டும் வந்திருந்தார். தன் மேலங்கியைக் கழற்றி அந்த மகனின் தோளில் போட்டார். பிறகும் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்த மண்டபத்தில் வேலைசெய்த ஒரே தமிழர் மங்களம் அக்கா. ஊரில் தாதியாக இருந்தவர். இங்கே வந்து, பிள்ளைகள் வளர்ந்த பின் கல்லூரிக்குப் போய், இறுதிச்சடங்கு நடத்தும் அனுமதிப்பத்திரம் எடுத்தவர். அன்று வாசலில் நின்று எல்லோரையும் திரும்ப உள்ளே அனுப்பும்போது என்னிடம், “தம்பி, இனி இப்பிடி ஒரு சாவீட்டை நான் நடத்தமாட்டன்” என்றார். ஏதோ ஆத்திரத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு மண்டபம் தொடங்க இடம் தேடினார். உயர்ந்த கூரை வேண்டும், புகை போக வழி வேண்டும், பக்கத்தில் குடியிருப்பு இருக்கக்கூடாது. கடைசியில் மூடிக்கிடந்த ஒரு கம்பளக் களஞ்சியத்தைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றுக்கும் பொருத்தமான கட்டடம். அது கெரிட்டின் தொழிற்சாலைக்குப் பக்கத்து வேலி.

தொழிற்சாலைப் பகுதியில் சாவு மண்டபம் வைக்கச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. அந்த ஒரு காணிக்கு மட்டும் சட்டத்தை மாற்றித்தர நகரசபை வாக்களிக்கவேண்டும். தெருவிலிருந்த மற்ற முதலாளிகள் எதிர்த்தார்கள்: கார் நிறுத்த இடம் போதாது, வாடிக்கையாளர்கள் சவப்பெட்டியைப் பார்க்க விரும்பமாட்டார்கள். சபையில் ஆதரவும் எதிர்ப்பும் ஏறக்குறையச் சமம் என்று கதை வந்தது. எங்கள் வட்டாரத்து உறுப்பினரின் வாக்குத்தான் தீர்மானிக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மங்களம் அக்கா கெரிட்டைச் சந்திக்க வந்தார். அவர் கதிரையில் உட்காருமுன்பே கெரிட் எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்கள் உட்கார முன் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் கேட்கும் கட்டடம் என் வேலியில் இருக்கிறது. அது வந்தால் என் காணியின் பெறுமதி ஏறலாம், இறங்கலாம். ஆகவே இதில் நான் வாக்களிக்கவும் முடியாது, யாரிடமும் பேசவும் முடியாது.”

மங்களம் அக்கா நல்ல ஆங்கிலம் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ். என்னைப் பார்த்துச் சொன்னார்: “உவற்றை வோட் இல்லாட்டி எங்களுக்குச் சரிவராது. அது உவருக்குத் தெரியுமோ எண்டு கேளும்.”

“தெரியும்” என்றார் கெரிட்.

“அப்ப உவர் எங்களுக்கு ஆதரவோ, எதிரோ? அதையெண்டாலும் சொல்லட்டும்.”

“அதைச் சொன்னால் பேசியதாகிவிடும்.”

அக்கா உட்காராமலே திரும்பினார். லிஃப்ட்வரை நானும் போனேன்.

“தம்பி, உவர் நல்ல மனிசனோ?”

“நேர்மையான மனிசன் அக்கா.”

“அதை நான் கேக்கேல்லை” என்றார் அவர்.

வாக்கெடுப்பு மாலையில் பார்வையாளர் பகுதி நிறைந்திருந்தது. பெரும்பாலும் எங்கள் ஆட்கள். விடயம் எடுக்கப்பட்டதும் கெரிட் எழுந்து, தன் தொழிற்சாலை பக்கத்துக் காணியில் இருப்பதாகவும் அதனால் விலகுவதாகவும் சொல்லி, கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார். கதவு மூடுமுன், வெளி நடைகூடத்து வாங்கில் அவர் போய் உட்காருவது எனக்குத் தெரிந்தது.

பிறகு எதிர்த்தரப்பில், அந்தத் தெருவில் தரைக்குப் பதிக்கும் ஓடு விற்கும் ஒருவர் பேச வந்தார். கார்த் தரிப்பிடம் பற்றிப் பேசியவர், முடிக்கும்போது இப்படிச் சொன்னார்: “பக்கத்துத் தொழிற்சாலைக்காரரும் எங்களைப் போலத்தான் நினைக்கிறார். பாவம், அவரால் இங்கே சொல்ல முடியாது.”

சபையில் சிலர் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்து எதுவும் சொல்ல முடியாது. பார்வையாளர் பகுதியில் இருப்பவர் பேசினால் வெளியேற்றுவார்கள். அதோடு, சொல்லுவதற்கு எனக்கு என்ன தெரியும்? கெரிட் எந்தப் பக்கம் என்று அவர் எனக்கும் சொன்னதில்லை.

வாக்குகள் சமமாக வந்தன. சமமாக வந்தால் பிரேரணை தோற்றது என்பது விதி.

வெளியே வந்தபோது கெரிட் வாங்கில் இருந்து எழுந்தார். மங்களம் அக்கா அவருக்கு முன்னால் நின்று, “தாங்க் யூ, கவுன்சிலர்” என்றார். அவருக்குப் பின்னால் வந்த ஒருவர் தமிழில் சொன்னது அதைவிட மோசமானது. அதைக் கெரிட் என்னிடம் மொழிபெயர்க்கும்படி கேட்கவில்லை.

காருக்குப் போகும்போது தரையோட்டுக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

“சொன்னதை அப்படியே சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல்.”

சொன்னேன்.

“நான் அந்த மனிதரோடு இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை” என்றார். அவர் முகம் சிவந்து கிடந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். “ஆனால் பேசியதில்லை என்று சபையில் சொல்லவும் எனக்கு வாயில்லை. நல்ல ஆளைப் பார்த்துத்தான் பொய் சொல்லியிருக்கிறார்.”

மங்களம் அக்கா விடவில்லை. மாகாண மேல்முறையீட்டுச் சபைக்குப் போனார். அது விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் ரொறன்ரோவையும் ஸ்காபரோவையும் சுற்றியிருந்த நகரங்களையும் ஒன்றாக்கி ஒரே மாநகரமாக்க மாகாண அரசு முடிவெடுத்தது. சிறிய சபைகள் மறைந்து ஒரு பெரிய சபை வரப்போகிறது. அதற்குத் தேர்தல். கெரிட் போட்டியிட்டால் வெல்வார் என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் புதிய மாநகரசபைக் கட்டடத்துக்கு எந்த ரயிலில் போவது என்று பார்த்து வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டுக் கதவை மூடினார்.

“நான் தேர்தலில் நிற்கப் போவதில்லை.”

எனக்கு விளங்கவில்லை. சுகமில்லையா என்று கேட்டேன்.

“சுகமாக இருக்கிறேன். அந்த மண்டப வழக்கில் மறுதரப்பு யார்? நகரம். புதிய நகரத்துக்கு அந்த வழக்குக் கைமாறும். நான் அதன் சபையில் இருந்தால், விசாரணையில் போய் வாய் திறக்க முடியாது. சபையில் இல்லாவிட்டால், பக்கத்தில் காணி வைத்திருக்கும் ஒரு சாதாரண மனிதனாகப் போய்ப் பேசலாம். நான் இல்லாத அறையில் என் பெயரில் ஒருவர் பேசிவிட்டார். இந்தமுறை நானே பேச வேண்டும்.”

உறுப்பினர் போனால் உதவியாளரும் போகவேண்டும். அது அந்த வேலையின் இயல்பு. நான் கேட்குமுன் அவரே சொன்னார்: “உங்கள் வேலை போகும். அதை யோசித்தேன். அதனால் முடிவு மாறவில்லை. தொழிற்சாலையில் உங்களுக்கு எப்போதும் இடம் இருக்கிறது. ஆனால் புதிய நகரத்தில் உங்களுக்கு வேலை கேட்டு யாருக்கும் நான் பேச மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து என் மனைவி ரதியிடம் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எங்கடை சனத்துக்காகத்தான் விடுறாரோ?” என்று கேட்டாள்.

“தெரியாது.”

“என்ன தெரியாது? மண்டபம் வேணும் எண்டு சொல்லப் போறாரோ, வேண்டாம் எண்டு சொல்லப் போறாரோ?”

“அவர் சொல்லேல்லை. நான் கேக்கவுமில்லை.”

அகப்பையைக் கீழே வைத்தாள். “எந்தப் பக்கம் எண்டே தெரியாமல் உங்கடை வேலையைக் குடுத்திட்டு வந்து நிக்கிறியள்.”

“நான் குடுக்கேல்லை. அது போகுது.”

“ரெண்டும் ஒண்டுதான்” என்றாள். பிறகு, “எங்கடை சனத்துக்காகத்தான் எண்டு வைச்சாலும், நாங்களும் அந்தச் சனத்துக்கைதானே இருக்கிறம்?” என்றாள்.

ஏன் கேட்கவில்லை என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார் என்பது ஒரு காரணம். எதிர்ப்பு என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு அவருக்குக் கீழே மிச்ச மாதங்களை எப்படி ஓட்டுவது என்பது மற்றது.

தொழிற்சாலைக்கு நான் திரும்பவில்லை. அந்தக் குளிர்காலம் வேலையில்லாமல் போனது. புதிய மாநகரத்தின் கட்டட அனுமதிப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். விசாரணை அப்போதுதான் வந்தது. சிறிய அறை. தீர்ப்பாளராக நரைத்த ஒரு பெண்மணி. மங்களம் அக்காவுக்கு ஒரு சட்டத்தரணி, நகரத்துக்கு இருவர். நான் அக்காவுக்குப் பின்வரிசையில் இருந்தேன்.

கெரிட் கதவைத் திறந்து வந்து கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

“உவர் ஏன் வந்தவர்? தோத்தது காணாதோ?”

“பேச வந்திருக்கிறார் அக்கா.”

“என்ன பேச?”

“தெரியாது” என்றேன். அந்தச் சொல்லை அந்த வருடத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

அயலில் உள்ளவர்கள் எவராவது பேச விரும்புகிறீர்களா என்று தீர்ப்பாளர் கேட்டார். தரையோட்டுக்காரர் முதலில் எழுந்து பழைய கதையைச் சொன்னார். அடுத்து கெரிட் எழுந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருக்கவில்லை. தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தார். தொழில் என்ன என்று கேட்டபோது, “ஜன்னல் செய்கிறேன்” என்றார்.

“பக்கத்தில் சாவு மண்டபம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை” என்று தொடங்கினார். மங்களம் அக்காவின் தோள்கள் இறுகுவதைக் கண்டேன். “புது வீடு கட்டுகிற இளம் தம்பதிகள் என்னிடம் ஜன்னல் பார்க்க வருகிறார்கள். பக்கத்தில் சவ வண்டி நிற்கும். இன்றைக்கும் எனக்கு அது பிடித்தமான காட்சி இல்லை. ஆனால் எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது அல்ல இங்கே கேள்வி. கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. என் வளவில் இருக்கிறது. என் லொறிகள் காலையில் போனால் பின்னேரம்தான் வரும். சனி, ஞாயிறு வளவு முழுக்க வெறுமை. அந்த நேரங்களில் அவர்கள் அதைப் பாவிக்கலாம் என்று நான் ஒப்பந்தம் எழுதித் தரத் தயார். வேலியில் ஒரு வாசல் வைத்தால் போதும். வாசலை நானே செய்து தருவேன்.”

மங்களம் அக்காவின் சட்டத்தரணி எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

நகரத்தின் சட்டத்தரணி எழுந்து குறுக்கே கேட்டார். “நீங்கள் முன்னாள் நகரசபை உறுப்பினர், இல்லையா?”

“ஆம்.”

“இந்த விடயம் சபைக்கு வந்தபோது இந்த ஆதரவை ஏன் தெரிவிக்கவில்லை?”

“நடைகூடத்தில் இருந்தேன்.”

“நீங்கள் எதிர்ப்பதாகச் சபையில் சொல்லப்பட்டதே?”

கெரிட் தரையோட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “அவர் என் வேலியைக் கேட்டிருப்பார். என்னைக் கேட்கவில்லை.”

தீர்ப்பாளர் குனிந்து எழுதிக்கொண்டே சிரித்தார்.

அவ்வளவுதான் அவருடைய சாட்சியம். தொடக்கம் முதல் முடிவு வரை கார்களைப் பற்றியே பேசினார். சிவபாதம் அண்ணையின் சாவீட்டைப் பற்றி, பனிக்குள் நின்ற மகனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் அறையில் எல்லோரும் உருகியிருப்பார்கள். அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அது கார்த் தரிப்பிடத்துக்குச் சம்பந்தமில்லாத சங்கதி.

இடைவேளையில் மங்களம் அக்கா அவரிடம் போனார். “இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே” என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

“அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கு என் சொல்லை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்” என்றார் கெரிட். “ஒன்று கவனத்தில் வையுங்கள். மழை பெய்தால் என் வளவின் வடக்கு மூலையில் தண்ணீர் நிற்கும். அங்கே கார் விட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.”

சில நிபந்தனைகளோடு மண்டபத்துக்கு அனுமதி கிடைத்தது. எனக்கும் வசந்தகாலத்தில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். கெரிட் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ‘முடியாது’ என்று முதல் வசனத்திலேயே சொல்லி அனுப்பினார் என்று அறிந்தேன்.

மண்டபத்தின் முதல் சாவீடு ஒரு வாரநாள் காலையில் வந்துவிட்டது. மார்க்கம் நகரத்திலிருந்த ஒரு பெரிய குடும்பத்து அம்மா. மரணம் ஒப்பந்தத்து நேரத்தைப் பார்த்து வருவதில்லை. கெரிட்டின் வளவு முழுவதும் இன்னும் புறப்படாத லொறிகள் நின்றன. மங்களம் அக்கா வேலி வாசலால் போய்க் கேட்டாராம். நான் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது லொறிகள் எல்லாம் தெருவோரத்துக்குப் போயிருந்தன. கெரிட் மஞ்சள் மேற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வளவின் நடுவே நின்று, கையைக் காட்டிக் காட்டிக் கார்களை வரிசையாக விட்டுக்கொண்டிருந்தார். வடக்கு மூலைக்கு யாரையும் விடவில்லை.

உள்ளே பறைமேளம் தொடங்கிவிட்டது. திறந்திருந்த மேல் ஜன்னல்களால் சாம்பிராணிப் புகை தாராளமாக வெளியே வந்தது. ஒரு மணியும் அடிக்கவில்லை.

இறந்த அம்மாவின் தம்பியார், ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவர், பிந்தி வந்து காரை எங்கே விடுவது என்று தெரியாமல் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கினார். கெரிட் கார்த் திறப்பைத் தரும்படி கையை நீட்டினார். பெரியவர் தயங்கி, வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார்.

“உந்த வெள்ளைக்காரர் ஆர்? திறப்பைக் குடுக்கலாமோ?”

நான் என்ன சொல்வது என்று யோசித்தேன். முன்னாள் நகரசபை உறுப்பினர், என் பழைய முதலாளி, தொழிற்சாலைக்காரர். அதற்குள் மங்களம் அக்கா சொல்லிவிட்டார்.

“குடுங்கோ ஐயா. அவர் பக்கத்து வளவுக்காரர்.”

“அப்ப சரி” என்றார் பெரியவர். திறப்பைக் கெரிட்டின் கையில் வைத்துவிட்டு, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு தமக்கையைப் பார்க்க உள்ளே போனார்.